பிறை இரவில் ஒரு மாடியறை

நோன்பு 29. மஃரிப் தொழுது, கஞ்சி குடித்த கையோடு கல்முனை பிரதான வீதியில் புடைவைக் கடையொன்றுக்கு மேலே இருக்கும் மாடியறைக்கு ஓடினேன். நாளைக்குப் பெருநாளா, நாளை மறுநாளா என்பது இன்னும் தெரியாது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஊர் முழுக்க வானொலிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறது. எங்களுக்குக் கடல் கிழக்கே, பிறை மேற்கே. அதனால் சிறுவர்கள் கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மொட்டை மாடிகளில் ஏறி, வயல் பக்கமாகக் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள். அந்த மாடியறையில், மச்சானின் ஸ்டூடியோவில் மட்டும் எல்லாரும் வேறொரு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வானத்துல படிக்கட்டு விழுந்து கிடக்கு மச்சான், இஞ்ச பாருங்க!"

திரையில் கருநீல இரவு. நடுவில் பிறை, கீழே மினாரா, மேலே பொன் தூசு. கீழே இருக்கும் அந்தப் புடைவைக் கடைக்கான 45 செக்கன் பெருநாள் வாழ்த்து அது. அழகாகத்தான் இருந்தது. பிறகு மச்சான் அறை விளக்கை அணைத்தார். அட! கறுப்பிலிருந்து நீலத்துக்கு மெல்லமெல்ல மாறவேண்டிய வானம், வாய்க்கால் கட்டில் மண் இறுகிய அடுக்குகள் போலப் பட்டை பட்டையாக நின்றது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பிறை தெரியாது, பட்டைதான் தெரியும்.

ஏன் இப்படி வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கேட்கத்தான் எத்தனையோ நாளாக அந்த அறைக்குப் போக ஆசைப்பட்டேன். மச்சான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். சாதாரண வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான் உண்டு. இரவு வானம் இருட்டானது. அதன் நீலம் 10ஆம் படியில் தொடங்கி 40ஆம் படியில் முடிந்துவிடுகிறது. கைவசம் 30 படி. திரையின் உயரமோ 1080 வரி. 1080ஐ 30ஆல் வகுத்தால் 36. ஆக 36 வரிக்கு ஒரே நிறம், அடுத்த 36 வரிக்கு அதற்கடுத்த நிறம். கண்ணுக்கு அது படிக்கட்டு. பகல் வானத்தில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது. இரவில், அதுவும் பிறை வைத்த இரவில்தான் தெரியும். எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் வேண்டியதோ அந்த ஒரு வானம்தான்!

மருந்து இரண்டு. ஒன்று, திட்டத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றுவது. அது மட்டும் போதாது, கடைசியில் வெளியே போகும் வீடியோ மறுபடி 8 பிட்தான். இரண்டாவதுதான் எனக்குக் கைதட்டத் தோன்றிய வித்தை: வானத்தின்மேல் ஒரு வீதம் 'நொய்ஸ்' தூவுவது. அழகான படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பொடிபோட்டுக் கலக்குவது. எல்லைக்கோட்டின் இரு பக்கத்துப் புள்ளிகளும் ஒன்றுக்குள் ஒன்று சிதறிவிடுகின்றன. கோடு மறைகிறது, கண் நடுநிறத்தைத் தானே செய்துகொள்கிறது.

மருதமுனைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மச்சானின் வாப்பா அங்கே கைத்தறியில் இருந்தவர். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். நெய்து முடிந்தால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது நிறம் சாரியில் மின்னும். "வாப்பா நூலால செஞ்சத நான் புள்ளியால செய்யிறன்," என்றார். சொல்லிக்கொண்டே நொய்ஸை ஏற்றினார். என் கண்முன்னே படிக்கட்டு கரைந்து வானமாகியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

16 பிட்டுக்கு மாறினால் இன்னொரு செலவு இருக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேம் 8 பிட்டில் ஏறக்குறைய 8.3 மெகாபைட். 16 பிட்டில் அது இரட்டித்து 16.6 ஆகிறது. செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் 415 மெகாபைட். முன்னோட்டத்துக்கு 10 ஜிகாபைட் ரெம் ஒதுக்கினாலும் 24 செக்கனோடு நின்றுவிடும். முன்னோட்டத்தின் பச்சைக் கோடு பாதியில் நின்று திரும்ப முதலுக்கு ஓடுவதைப் பார்த்துப் பலர் கணினி பழுது என்று நினைக்கிறார்கள். பழுதில்லை, பாத்திரம் நிறைந்துவிட்டது. முன்னோட்டத்தை அரை அளவில் பார்த்தால் அகலமும் பாதி, உயரமும் பாதி. நினைவகம் நாலில் ஒன்று போதும். 45 செக்கனும் தாராளமாக ஓடும். இந்தக் கணக்குத் தெரியாமல் புது ரெம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த அறையில் ஓடும் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் 1993 ஜனவரியில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்துச் சிறு நிறுவனமொன்றில் பிறந்தது. அடுத்த ஆண்டே அடோபி கைக்குப் போய்விட்டது. அதைச் செய்தவர்கள் முன்னால் தமிழ்க் கொம்பும் அரபு எழுத்தும் இருந்திருக்காது, எங்கள் கறண்டும் கடலும் இருந்திருக்காது. கோளாறு வரும் இடமெல்லாம் அந்த இயந்திரம் எங்களை எதிர்பாராத இடம். அதைக் கண்டுபிடித்து வழிக்குக் கொண்டுவருவதுதான் இந்தப் பிள்ளைகளின் அன்றாட வேலை. இதைவிடச் சுவையான தொழில் ஒன்றிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

எழுத்தைச் சொல்கிறேன். அன்றிரவு ஒருவர் பழைய விளம்பரமொன்றைப் பென் ட்ரைவில் கொண்டுவந்திருந்தார். திறந்தால் 'கல்முனை' இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள்: எஃப், ஒய், ஓர் அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி. வந்தவர் முகம் வாடிவிட்டது. வேலை பழகும் தம்பி ஒரு கணம் பார்த்துவிட்டு, "கல்முனை தானே காக்கா? பாமினி!" என்றான். மருத்துவர் நாடி பார்த்தது போல!

இலங்கையில் தமிழ் தட்டெழுதியவர்கள் வாழ்வில் பாமினி எழுத்துரு ஒரு காலம். அது யூனிக்கோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த வித்தை. எஃப் என்று தட்டினால் க. ஒய் என்றால் ல. அரைப்புள்ளி என்றால் குற்று. பெரிய கே என்றால் மு. பாமினி இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது, உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. எழுத்துருவை நிறுவினால் ஒரு நிமிடத்தில் கல்முனை திரும்பி வந்துவிடும். ஆனால் நாளைக்கு வேறொருவர் திறந்தால் திரும்பவும் போய்விடும். அதனால் யூனிக்கோடுக்கு மாற்றித்தான் கொடுக்கிறார்கள்.

கடைசி இரண்டையும் கவனித்தீர்களா? ஐ என்பது 'னை'யின் முன்னால் வரும் அந்த இரட்டைச் சுழிக் குறி, டி என்பது ன. பாமினியில் குறியை முதலில் தட்டி, ன-வைப் பிறகு தட்டவேண்டும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் அரவு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிலேட்டில் எழுதிய அதே வரிசை! யூனிக்கோட் அப்படியில்லை. முதலில் க, அதற்குப் பின்னால்தான் உயிர்க்குறி. வாயால் சொல்லும் வரிசை அது. பாமினி கையின் பக்கம், யூனிக்கோட் நாவின் பக்கம். 1991இலேயே யூனிக்கோட்டில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. இருந்தும் அசைவூட்ட மென்பொருட்களின் பழைய எழுத்தியந்திரங்களுக்கு, பின்னால் சேமிக்கப்பட்ட கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தத் தெரியவில்லை. 'கொடி' என்று ஒட்டினால் க-வுக்குப் பின்னால் கொம்பும் அரவும் அநாதையாக நிற்கும்.

இப்போது அதற்கு வழி இருக்கிறது. அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், எழுத்தியந்திரத்தை இலத்தீனிலிருந்து தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றி, புதிய எழுத்து அடுக்கைத் திறக்கவேண்டும். புதிய பதிப்புகளில் அது எல்லா மொழிக்கும் பொதுவான இயந்திரமாகவே வருகிறது. இந்த ஒரு சொடுக்கு தெரியாமல் ஃபோட்டோஷொப்பில் எழுதிப் படமாகக் கொண்டுவந்து ஒட்டியே ஆண்டுகளைக் கழித்தவர்கள் பலர். அந்த அறையில் ஒவ்வொரு கணினியின் விளிம்பிலும் இந்த வழி ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அப்புறமும் ஒரு குறும்பு மிச்சம். எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவைக் கொடுத்தால், குறிகளைத் தனித்தனியாக எண்ணும் பழைய திட்டங்களில் முதலில் க வந்து நிற்கும், அடுத்த கணம் கொம்பு இடையில் புகுந்து க-வை வலப்பக்கம் தள்ளும். சொல் நடுங்குவது போல இருக்கும். அதனால் தமிழுக்கு எழுத்தெழுத்தாக வேண்டாம், சொல் சொல்லாக வரட்டும் என்று அசைவின் அளவுகோலை மாற்றுகிறார்கள். எனக்கு அந்த நடையே பிடிக்கிறது. வாழ்த்துச் சொல்லும்போது யாரும் எழுத்துக் கூட்டிச் சொல்வதில்லையே.

அரபிக்கு வந்தால் கதை இன்னும் கூர்மையானது. ஒரே எழுத்துக்குத் தனியே, தொடக்கத்தில், நடுவில், இறுதியில் என்று நான்கு தோற்றம் வரை உண்டு. பழைய இயந்திரம் அதை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு எழுத்தையும் கைகோக்க விடாமல், பிரித்து நிறுத்திவிடும். வாசிக்கத் தெரிந்தவருக்கு அது பெயரைத் தலைகீழாகக் கூப்பிடுவது போல. தமிழையே அரபு எழுத்தில் எழுதி, ழ-வுக்கும் ங-வுக்கும் புது எழுத்துச் செய்துகொண்ட அரபுத் தமிழ் மரபின் பிள்ளைகள் நாங்கள். இரண்டு எழுத்தும் ஒரே திரையில் பிழையில்லாமல் நிற்பதைப் பார்க்க எங்களுக்குத்தானே ஆசை அதிகம்!

பிஸ்மிக்கு மட்டும் ஓர் அற்புதம் இருக்கிறது. யூனிக்கோட்டில் பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் முழுவதும் ஒரே ஓர் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு வாக்கியம், ஒற்றை இடம். ஒட்டினால் எந்தப் பழைய இயந்திரத்திலும் பிரியாது, எழுத்துருவில் அது இருந்தால் போதும். தம்பி அதைச் செய்து காட்டியபோது, திரும்பவும் செய்யச் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் குர்ஆன் வசனம் என்றால் அந்த அறையில் ஒரு சட்டம்: ஆயத்தை யாரும் தட்டெழுதக் கூடாது. சரிபார்த்த முஸ்ஹஃபின் பக்கத்திலிருந்து கோட்டுருவமாக எடுத்து, அடுக்கைப் பூட்டி, முடிந்த வீடியோவை ஒரு மௌலவியிடம் காட்டிய பிறகுதான் வெளியே போகும். மற்ற எழுத்துப்பிழை எல்லாம் திருத்தக்கூடியது, இது அப்படியில்லை என்றார் மச்சான். அந்தச் சட்டத்தை எல்லா ஸ்டூடியோக்களும் சுவரில் எழுதி வைக்கவேண்டும் என்பேன்.

இடையில் ஒரு தம்பி பதறினான். திரையில் மினாரா நின்ற இடத்தில் வண்ணப் பட்டைகள். யாரோ பென் ட்ரைவைக் கழற்றிவிட்டார்கள். மென்பொருள் படத்தை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும்தான் வைத்திருக்கிறது. திரும்பச் செருகியதும் மினாரா எழுந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டித் தரும் கட்டளை மெனுவிலேயே உண்டு. வேலையின் முதல் நாளில் அதைச் செய்யவேண்டும், கடைசி நாளில் அல்ல.

வானொலி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டர் தொடங்கியது. இங்கேதான் எனக்குத் தலை சுற்றிய பகுதி.

2022 மார்ச் முடிவில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் போனது. அதற்கடுத்த நாட்களில்தான் நோன்பு தொடங்கியது. அப்போது இந்த ஸ்டூடியோ ஒரு பாடம் படித்தது. எம்பி4 கோப்பு ஒரு புத்தகம் என்றால், அதன் பொருளடக்கம் வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அந்தப் பகுதிக்கு 'மூவ் ஆட்டம்' என்று பெயர். 97 வீதத்தில் கறண்ட் போனால், படம் அத்தனையும் வன்தட்டில் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. எந்தப் பிளேயரும் திறக்காது. ஒரு மணி நேர வேலை உள்ளேயே இருக்கிறது, வாசல்தான் இல்லை! அதே கணினியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் காட்டி, பொருளடக்கத்தைத் திரும்ப எழுதித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. சில நேரம் கைகொடுக்கும்.

அதைவிட நல்லது, அந்த நிலை வராமலே செய்வது. வீடியோவாக ரெண்டர் செய்யாமல் தனித்தனிப் படங்களாக எடுக்கிறார்கள். 45 செக்கன், செக்கனுக்கு 25. மொத்தம் 1125 பிஎன்ஜி படங்கள். 800ஆவதில் கறண்ட் போனால் 799 படம் பத்திரம். திரும்ப வந்ததும், ரெண்டர் அமைப்பில் 'இருக்கும் கோப்புகளைத் தாண்டிப் போ' என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். கறண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த 800ஆவது படம் அரைகுறையாக வன்தட்டில் கிடக்கும். மென்பொருள் அதையும் 'இருக்கிறது' என்று தாண்டிவிடும். கடைசிப் படத்தைக் கையால் அழித்த பிறகுதான் தொடங்கவேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு முழு இரவு பிடித்ததாம்.

பிறையின் புதிரையும் இதே வித்தைதான் அவிழ்த்தது. கடைக்காரருக்கு இரண்டு முடிவு வேண்டும். பிறை தென்பட்டால் 'நாளை பெருநாள், கடை இன்று விடியும்வரை'. தென்படாவிட்டால் 'நாளை இரவும் திறந்திருப்போம்'. முதல் 40 செக்கன் இரண்டுக்கும் பொது. 1000 படத்தை ஒருமுறை எடுத்துவிட்டு, கடைசி 125 படத்தை மட்டும் இரண்டு விதமாக எடுத்தால் போதும். 2250 படம் 1250 ஆகிவிட்டது. ஒரு படத்துக்கு 3 செக்கன் என்றால் 50 நிமிட மிச்சம். ஒரு பெருநாள் இரவில் 50 நிமிடம் என்பது சின்னச் செல்வமா?

ரெண்டர் ஓட ஓட, மற்றக் கணினியில் ஒரு கலியாண வீடியோ. மணப்பெண் பக்கத்தை ஸ்டூடியோவில் தொகுப்பதில்லை. மச்சானின் ராத்தா வீட்டிலிருந்து செய்கிறார். சில குடும்பங்களுக்கு இரண்டு பிரதி வேண்டும், வீட்டுக்கு முழுமையாக ஒன்று, ஊருக்குப் பெண்களின் முகம் மறைத்து ஒன்று. ஒரு முகத்தை மறைப்பது சுலபம். ஆனால் முகம் திரும்பும், குனியும், யாராவது குறுக்கே போவார்கள். அப்போதெல்லாம் மறைப்பும் கூடவே போகவேண்டும். தானாகப் பின்தொடரும் கருவி பத்து ஃபிரேமுக்குள் அடுத்தவர் தோளுக்குத் தாவிவிடும். ராத்தாவின் வழி வேறு: முகம் தெளிவாக இருக்கும் நடு ஃபிரேமில் தொடங்கி, முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டுவது. ஆளின் முகம் தெளிவில்லாத இடத்தில் கருவியை நம்பாமல் கையால் வைப்பது. ஒரு பெண்ணின் விருப்பத்தை ஒரு ஃபிரேமில்கூட மீறக் கூடாது என்று 25ஆல் பெருக்கிப் பார்த்து வேலை செய்கிறவர் அவர். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பச்சைத் திரைக்கும் கலியாணத்துக்கும் தீராத வழக்கு. பச்சைத் துணிக்கு முன்னால் பச்சைக் கரைச் சாரியோடு வந்து நின்றால் கரை காணாமல் போகும். சரிகை கண்ணாடி மாதிரி, துணியின் பச்சையை வாங்கிக்கொண்டு பொன் பாசியாகிவிடும். ஏன் பச்சைதான் வேண்டும் என்று கேட்டேன். கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, பச்சை மட்டும் இரண்டு. கமெராவின் கண் பச்சையைத்தான் தெளிவாகப் பார்க்கிறது. ஆனால் ஃபோன் வீடியோ நிறத்தை அரை அகலத்திலும் அரை உயரத்திலும்தான் சேமிக்கிறது. அதனால் முக்காட்டின் விளிம்பு அரம்பப் பல்லாக வருகிறது. சாரி பச்சை என்றால் துணியை நீலமாக்கிவிடுங்கள், அவ்வளவுதான். 1940இல் மைசூர்ப் பையன் சாபு நடித்த 'தீஃப் ஆஃப் பக்தாத்' படத்தில் லாரி பட்லர் ஒஸ்கார் வாங்கிய தந்திரக் காட்சிகளும் நீலத்தில்தான்.

கடல் காட்சி ஒன்று. கரைவலை இழுப்பதைத் தோணியிலிருந்து எடுத்தது. ஆட்டம் குறையட்டும் என்று நிலைப்படுத்தும் கருவியைப் போட்டால், தோணி நின்று அடிவானம் ஊசலாடியது! கருவி படத்தில் புள்ளிகளைப் பிடித்து, அவை அசையாமல் இருக்கப் பார்க்கும். அது பிடித்ததோ அலைகளை. அசைவதையே வேலையாகக் கொண்டதை நிறுத்தப் பார்த்தால் மற்றதெல்லாம் ஆடாதா? தம்பி புள்ளிகளைத் திரையில் வரவழைத்து, தண்ணீரில் விழுந்தவற்றையெல்லாம் வளைத்துப் பிடித்து அழித்தான். கரையின் தென்னைகளிலும் அடிவானத்திலும் இருந்தவை மட்டும் மிஞ்சின. கடல் கடலாக ஆடியது, ஊர் நின்றது. என் கையில் இருந்த பிளேன் டீ ஆறிப்போனதைக் கவனிக்கவேயில்லை.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தின் வீடியோவைப் பார்த்ததும் நான் மகிழ்ந்துபோனேன். ஆனால் மின்குமிழ் மாலைகளில் படம் துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கறண்ட் 50 ஹேர்ட்ஸ், பல மலிவான விளக்குகள் அதில் செக்கனுக்கு 100 தடவை மின்னும். கமெராவின் கதவு ஐம்பதில் ஒரு செக்கன் திறந்தால் சரியாக இரண்டு மின்னல், நூறில் ஒன்று என்றால் சரியாக ஒன்று. எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சம். அறுபதில் ஒன்று என்றால் ஒன்றேமுக்கால் அளவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஃபிரேமுக்கு அதிகம், ஒரு ஃபிரேமுக்குக் குறைவு. எடுக்கும்போதே ஐம்பதில் ஒன்றுக்கு மாற்றியிருந்தால் தொல்லையில்லை. எடுத்தாகிவிட்டதே!

மச்சான் திரும்பவும் காகிதத்தை எடுத்தார். படம் செக்கனுக்கு 30, மின்னல் 100. அப்படியானால் இந்தத் துடிப்பு மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதே காட்சியை மூன்று அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஃபிரேம் தள்ளி, அடியில் 100 வீதம், நடுவில் 50, மேலே 33 என்று ஒளிபுகவிட்டால் மூன்றும் சமமாகக் கலக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று விழுங்கும். நடப்பவர்கள் மட்டும் நிழல்போல இழுபடுவார்கள், அவர்களைச் சுற்றி முகமூடி வெட்டினால் சரி. செய்தார். துடித்த மாலைகள் அமைதியாயின. ஒரு வகுத்தல் கணக்கால் ஒரு கொடியேற்றம் மீண்டது!

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம். வானொலி சொல்லிவிட்டது. பிறை தென்பட்டது, நாளை பெருநாள்! பள்ளிகளில் தக்பீர் எழுந்தது. படியெல்லாம் காலடி. மச்சான் ஒரு வார்த்தையும் பேசாமல் 1000 படத்தையும் முதல் முடிவின் 125 படத்தையும் சேர்த்து எம்பி4 ஆக்கினார். 60 மெகாபைட்டுக்குள் அடங்கியது. ஒருமுறை முழுத்திரையில் ஓடவிட்டு, விளக்கை அணைத்துப் பார்த்தோம். வானத்தில் ஒரு படியும் இல்லை. கடைக்காரரின் வட்ஸ்அப்புக்குப் போனது. ஐந்து நிமிடத்தில் என் ஃபோனுக்கும் யாரோ முன்னோக்கி அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன். பட்டை, பட்டை, பட்டை.

வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது முதலில் வீசுவது மெல்லிய பொடியைத்தான். அந்தப் பொடிதானே எங்கள் வானத்தைக் காப்பாற்றியது? ஆனால் கோப்பை டொகியுமென்ட் என்று அனுப்பினால் அது ஒரு புள்ளியையும் தொடாது. 2022இலிருந்து 2 ஜிகாபைட் வரை அப்படி அனுப்பலாம்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பெருநாளுக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் செய்த வாழ்த்து வீடியோ ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பும்போது படத்தின் அடையாளத்தை அழுத்தாமல், இணைப்புக் குறியை அழுத்தி, டொகியுமென்டைத் தெரிவுசெய்து அனுப்புங்கள்.